புழு அகப்படும் வேளை

சீசன் முடியும் தறுவாயில் வரும் நீலம் மாம்பழத்தை அறுக்கும்போது கத்தி கொட்டையில் பட்டுப் பிளந்தால், சில நேரம் உள்ளேயிருந்து ஒரு கறுத்த வண்டு நிதானமாக நடந்து வெளியே வரும். தோலில் துளை கிடையாது, சதையில் வழி கிடையாது. அப்புறம் எந்த வாசல் வழியாக அது உள்ளே போனது? "பூவுலயே புகுந்துரும்" என்பது எங்கள் பாட்டியின் விளக்கம். பூச்சியியல் அதைக் கொஞ்சம்தான் திருத்துகிறது: பூவுக்கு அடுத்த பருவமான பிஞ்சில். மாங்கொட்டைக் கூன்வண்டின் பெண், கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரை உள்ள பிஞ்சுகளின் தோலைக் கீறி முட்டை வைக்கிறது. வழியும் பால் காய்ந்து கீறலை மூடிவிடும். பொரித்த புழு, இன்னும் இறுகாத கொட்டைக்குள் துளைத்துப் போய்விடும். அது போன வழியை வளரும் சதையே தூர்த்துவிடும். ஜூன் மாதத்தில் தட்டில் நடந்து வருவது மாசி, பங்குனியில் உள்ளே குடிபோன ஆசாமி. ஜூனில் மரத்தையே மருந்தில் குளிப்பாட்டினாலும் அதற்குச் சேதி போய்ச் சேராது.

வீட்டு மரங்களின் பூச்சிப் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வண்டுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படும். எந்தப் பூச்சிக்கும் அதன் வாழ்நாளில் கைக்கு அகப்படும் ஒரு வேளை உண்டு. மற்ற நேரமெல்லாம் அது கொட்டைக்குள், தண்டுக்குள், மண்ணுக்குள், மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கும். நாம் மரத்தைக் கவனிப்பதோ சேதம் கண்ணில் பட்ட பிறகு, அதாவது பெரும்பாலும் அந்த வேளை தப்பிய பிறகு. அப்போது உரக்கடைக்கு ஓடி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புகிறார்.

தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. டி. பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914-இல் சென்னையில் வெளியானது. கோவையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-இல் வந்தது. அதன் பிறகு வேளாண் பல்கலைக்கழக வெளியீடுகள் ஏராளம். ஆனால் எல்லாம் தோப்புக்காரருக்காக எழுதப்பட்டவை. 1959-இல் கலிஃபோர்னியப் பூச்சியியலாளர்கள் நால்வர் ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு என்ற கருத்தை வகுத்தபோது, பூச்சியின் எண்ணிக்கை எந்த அளவைத் தாண்டினால் மருந்துச் செலவு கட்டுபடியாகும் என்ற கணக்கை அதன் நடுவே வைத்தார்கள். தோப்புக்கு அது பொன்னான கணக்கு. கொல்லையில் நிற்கும் ஒற்றை மாமரத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு? அணிலுக்கும் கிளிக்கும் போக, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் ஊறுகாயாகும் மரம் அது. பத்துக்கு இரண்டு பழம் பூச்சிக்குப் போனால் யாரும் கடனாளி ஆகப்போவதில்லை. அதோடு, அதன் அடியில் கிணறு இருக்கும், துணி காயும், குழந்தை விளையாடும். முப்பதடி உயரக் கிளைக்குக் கைத்தெளிப்பான் எட்டவும் செய்யாது. கீழிருந்து பீய்ச்சினால் பாதி மருந்து அடிப்பவர் முகத்துக்கே திரும்பி வரும்.

ஆகவே கொல்லைக்காரர் முதலில் பழக வேண்டியது அடையாளம் காண்பது. பூச்சியைத் தேடுவதைவிட அது விட்டுப்போன தடயத்தைப் படிப்பது சுலபம். இலையில் ஓட்டை, ஓரம் கடித்த தடம் என்றால் கடித்துத் தின்னும் வாய்: புழு அல்லது வண்டு. இலை சுருண்டோ, பிசுபிசுத்தோ, கரிபூசியதுபோல் கறுத்தோ இருந்தால் உறிஞ்சும் வாய்: அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி. தண்டிலோ காயிலோ துளையும் அதன் வாயில் தூளும் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தடயம் ஏமாற்றுவதும் உண்டு. தென்னைக்கு அடியில் நிற்கும் கொய்யாவும் வாழையும் இலையெல்லாம் கறுத்துக் கிடக்கும். கொய்யாவைப் புரட்டிப் பார்த்தால் பூச்சி அவ்வளவாக இருக்காது. நிமிர்ந்து தென்னை ஓலையின் அடிப்பக்கம் பாருங்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டுப் பிறகு தென்னை உள்ள ஊரெல்லாம் பரவிய சுருள் வெள்ளை ஈ அங்கே வட்டவட்டமாகக் குடியிருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்திருக்கிறது. பூசணம் இலையைத் தின்பதில்லை, வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். நீர்த்த மைதாக் கஞ்சியைத் தெளித்தால் காய்ந்து உரியும்போது கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். இந்த வெள்ளை ஈ விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன முக்கியமான அறிவுரை, பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள் என்பதே. ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டை வைக்கும் என்கார்சியா என்ற நுண்குளவி ஏற்கெனவே இங்கே இருந்தது. மருந்து முதலில் கொல்வது அதைத்தான்.

மாம்பூ உதிர்வதும் அப்படியொரு பொய்த்தடயம். ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூக்கள் இருக்கலாம். கடைசியில் நிற்பது ஒன்றோ இரண்டோ காய். பூவும் பிஞ்சும் கொட்டுவது மரத்தின் சொந்தக் கணக்கு. உண்மையிலேயே தத்துப்பூச்சி வந்திருக்கிறதா என்று பார்க்க, பூத்த மரத்தடியில் போய் நின்று கிளையை ஒரு தட்டுத் தட்டுங்கள். தூறல் விழுவதுபோல் படபடவென்று ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் துள்ளும், பூங்காம்பு பிசுபிசுக்கும். இருட்டடைந்த, காற்றோடாத கிளைக்கூட்டம் அதற்கு மிகவும் பிடித்த இடம். அதனால் இதன் வைத்தியம் பூக்கும் தை மாதத்தில் தொடங்குவதில்லை. அறுவடை முடிந்த ஆடி, ஆவணியில் நடுக்கிளைகளைக் கவாத்து செய்து வெயிலை உள்ளே விடுவதில் தொடங்குகிறது. பூத்துக் குலுங்கும்போது மருந்தடித்தால் தத்துப்பூச்சியோடு, மாம்பூவில் மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் சேர்ந்து சாகும். பூவைக் காப்பாற்றிக் காயை இழக்கும் வழி அது.

உறிஞ்சும் கூட்டத்தில் தமிழ்நாட்டை உலுக்கியது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சொந்த ஊராகக் கொண்ட இதை இந்தியாவில் முதலில் பார்த்தது 2008-இல், கோயம்புத்தூரில். பஞ்சு ஒட்டியதுபோல் பப்பாளி மரமே வெளுத்துப்போனது. அங்கிருந்து மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, மல்பெரி என்று கண்ட செடிக்கெல்லாம் தாவியது. அடித்த மருந்து மெழுகின்மேல் உருண்டு வழிந்தது. மல்பெரியிலோ மருந்தடிக்கவே வழியில்லை; அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவுக்கும் அதே நஞ்சுதான். சொந்த ஊரில் இந்தப் பூச்சியை அடக்கி வைத்திருந்தது யார் என்று தேடியபோது கிடைத்தவை மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள். 2010-இல் அவை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வகத்துக்கு வந்தன. பெருக்கப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபரிலேயே தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி மற்ற இரண்டையும்விட நன்றாகக் காலூன்றியது. மாதக்கணக்கில் பூச்சி சரிந்தது. மருந்தால் இரண்டு ஆண்டு முடியாததை அது முடித்துக் காட்டியது.

இன்றும் பப்பாளியில் இந்தப் பூச்சி இல்லாமல் இல்லை. ஒரு கொத்து கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பது. வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பேறி உப்பிய கூடுகளும், அவற்றில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகளும் தெரிந்தால் குளவி வந்து வேலையைத் தொடங்கிவிட்டது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். துளையே இல்லையென்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மெழுகு முழுதும் படியாத குஞ்சுப் பருவத்தில், லிட்டருக்கு 5 கிராம் காதி சோப்புக் கரைத்த நீரே போதும். இதுதான் மாவுப்பூச்சி அகப்படும் வேளை. துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றி இலையைக் கருக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம்.

உற்றுப் பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொய்யாவில் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அவற்றைப் போலவே வெள்ளை மெழுகுக் குஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டு, ஆனால் கொஞ்சம் பெரிதாக, ஒரு புழு அலையும். குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி அசமந்தமாக இருக்கும். இது விறுவிறுவென்று நடக்கும். இது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் இளம்பருவம். 1898-இல் காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சியை அடக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தார்கள். வந்த வேலை சரியாக நடக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவிலேயே தங்கி மாவுப்பூச்சியைத் தின்று பிழைத்துக்கொண்டது. 'பெரிய மாவுப்பூச்சி' என்று எண்ணி முதலில் நசுக்கப்படுவது இதுதான். இலையில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகளும் நம்மவர்தான்: பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. அசுவினிக்கு அது எமன்.

இவர்கள் எல்லோருக்கும் எதிரி எறும்பு. மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கிறது. கிட்ட வரும் குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. மரத்தில் எறும்புச் சாரி ஏறி இறங்கினால் மேலே யாரோ பால் கறக்கிறார்கள் என்று பொருள். அடிமரத்தில் ஒரு பாலித்தீன் பட்டையைச் சுற்றிக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் (பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது), சுவரைத் தொடும் கிளையையும் வெட்டிவிட்டால், பல நேரம் அதுவே முழு வைத்தியம். முசுறு மட்டும் இரண்டுங்கெட்டான். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பைத் தென்சீனத்தார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டங்களில் காவலுக்கு விட்டார்கள் என்று பழைய சீன நூல் சொல்கிறது. பல பூச்சிகளை அது உண்மையில் அண்டவிடாது. கூடவே சில செதில்பூச்சிகளைத் தானே வளர்க்கும். மாமரத்தில் முசுறு இருந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. காய் பறிக்க ஏறுபவர் வேறு கட்சியில் இருப்பார்.

கொய்யாக்காய்த் தோலில் சொரசொரப்பான பழுப்புப் பொருக்குகள் விழுவதைப் பலர் நோய் என்று நினைக்கிறார்கள். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி பிஞ்சில் குத்தி உறிஞ்சிய தழும்பாக இருக்கலாம். தோலோடு நிற்கும், பழத்தைத் தாராளமாகத் தின்னலாம். முந்திரியிலும் முக்கியப் பூச்சி இதுவே. இதை அடக்கத்தான் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தூவினார்கள். கீழே கிணறும் குழந்தைகளும் இருந்த ஊர்கள் அவை. உச்ச நீதிமன்றத் தடை 2011-இல் வந்தது. கொய்யாத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்களின் நினைவு வரும்.

மாதுளை அகப்படும் வேளையை மிகச் சரியாகக் காட்டும் மரம். ஒரு வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கிறது. புழு துளைத்து உள்ளே போய்விட்டால் பிறகு நமக்குத் தெரிவது துளைவாய்க் கழிவும் நாற்றமும்தான். அந்தக் காயைப் பறித்து அழிப்பதைத் தவிர வழியில்லை. எலுமிச்சை அளவு ஆவதற்குள் ஒவ்வொரு பிஞ்சையும் பழைய வேட்டித் துணியிலோ பட்டர் பேப்பரிலோ பை தைத்து மூடிக் கட்டிவிட்டால் கதை முடிந்தது. தோப்பில் ஆள்கூலி தாங்காது. வீட்டு மரத்தில் நாற்பது காய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எலுமிச்சையில் பறவை எச்சம்போல் உட்கார்ந்திருப்பது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தால் பச்சையாகும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பிளந்த கொம்பை நீட்டி நாறும். இளங்கன்று என்றால் பொறுக்கி எடுங்கள், பெரிய மரம் என்றால் விட்டுவிடலாம். துளிரில் வெள்ளிக் கோடு கிழிக்கும் இலைத் துளைப்பானையும் பெரிய மரத்தில் பொருட்படுத்த வேண்டாம். முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் மொத்தமாக ஒட்டிக் கிடக்கும் என்பது ஊரறிந்தது. அந்த வேளைக்கென்றே பந்தம் வைத்திருந்தார்கள் பெரியவர்கள்.

மாமரத் தண்டு துளைப்பான் வேறு ரகம். நீண்ட மீசை வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்க, விரல் பருமன் புழு மரத்துக்குள் மாதக்கணக்கில் சுரங்கம் வெட்டும். ஒரு கிளை மட்டும் காரணமில்லாமல் வாடும். அடியில் மரத்தூளும் பிசினும் கிடக்கும். இங்கே பொறுமை காட்டினால் மரமே போய்விடும். துளையைத் தேடி, வளைத்த சைக்கிள் கம்பியால் புழுவைக் குத்தி இழுக்க வேண்டும். எட்டாவிட்டால் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் பூசிவிட வேண்டும். நாலு நாள் கழித்துப் புதுத் தூள் வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

வேம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சூடானில் 1959-இல் வெட்டுக்கிளிகள் மற்ற எல்லாவற்றையும் மொட்டையடித்து வேப்பமரத்தை மட்டும் விட்டதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியர் கவனித்தார். 1968-இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. நம்மவர்கள் தானியத்தில் வேப்பிலை போட்டது அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே. லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்புச் சேர்த்தால் கரைசல் தயார். ஆனால் அது விஷமல்ல. பூச்சிக்குத் தீனியை வெறுக்கச் செய்கிறது, தோலுரிப்பைக் குலைக்கிறது. இதற்கு நாளாகும். மறுநாள் காலை பூச்சி உயிரோடு இருப்பதைப் பார்த்து "வேலைக்கு ஆகல" என்று பாட்டிலை மாற்றிவிடுகிறார்கள். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் அடிக்க வேண்டும். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற இலைக்கரைசல் பூச்சிவிரட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் பொறிவண்டுக்கும் எரியும் என்பதை மறக்கக் கூடாது. கடை மருந்தே தேவைப்பட்டால் டப்பாவிலுள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்கும். சிவப்பும் மஞ்சளும் வீட்டு மதிலுக்குள் வரவே வேண்டாம். அரை லிட்டர் வாங்கி 10 மில்லி பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் குளியலறைப் பரணில் வைக்கும் பழக்கம் எந்தப் பூச்சியைவிடவும் ஆபத்து.

இதுவரை சொன்னவை ஒரு வீட்டார் தனியாகச் செய்துகொள்ளக் கூடியவை. பழ ஈ அப்படியல்ல. அதன் வேளை தெரிந்தும் பயனில்லாமல் போகும் பூச்சி அது. பழுக்கத் தொடங்கும் மாவிலும் கொய்யாவிலும் ஊசியால் குத்தியதுபோல் முட்டை வைக்கும். புழு சதையைக் கூழாக்கும். பழம் விழுந்ததும் புழு வெளியேறி, சில சென்டிமீட்டர் ஆழ மண்ணில் கூட்டுப்புழுவாகும். மூன்று, நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிட்டால் சங்கிலி அங்கேயே அறும். உரக்குழியில் மேலாகப் போட்டால் ஈக்குப் பிரசவ வார்டு கட்டிக் கொடுத்தது போலாகும். இந்த ஈ உள்ளிட்ட பூச்சிகளால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்துக்குக் கதவடைத்தது. மறு ஆண்டுதான் திறந்தது.

இந்த ஈயைப் பிடிக்கும் பொறியின் கதை பீகாரின் பூசாவில் தொடங்குகிறது. எஃப்.எம். ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-இல் எழுதினார். 1915 வாக்கில், மீதைல் யூஜினால் என்ற பொருளுக்கு அந்த ஈர்ப்பு உண்டு என்பதைக் கண்டார். இன்று கடையில் விற்கும் மாம்பழ ஈப் பொறி எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். துளசியிலும் அது உண்டு. பாட்டிலில் கசக்கிய துளசியைப் போட்டுத் தொங்கவிடும் நாட்டுப் பொறி அதனால்தான் ஓரளவு வேலை செய்கிறது. ஆனால் விழுவது ஆண் ஈ மட்டும். ஒன்றிரண்டு ஆண் தப்பினாலும் பல பெண்களுக்குப் போதும். வெளியே கருவுற்ற பெண் மதில் தாண்டி வந்தால் பொறியால் ஒன்றும் ஆகாது. 1960-களின் தொடக்கத்தில் பசிபிக்கின் ரோட்டா தீவில் இந்த ஈர்ப்புப் பொருளிலும் நஞ்சிலும் நனைத்த துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு ஈயை அடியோடு ஒழித்தார்கள். 33 சதுர மைல் தீவு, சுற்றிலும் கடல். நமக்குச் சுற்றிலும் இருப்பது அடுத்த வீடு.

எங்கள் மேற்கு மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு பூட்டிய வீடு. பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். கொய்யா மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை காய்த்துக் கொட்டுகிறது. மூன்று ஆண்டுகளாக எங்கள் மரத்தில் பொறி, காகிதப் பை, வேப்பம் கரைசல் என்று எல்லாம் பார்த்தேன்; பழத்துக்குப் பாதி புழு. போன ஐப்பசியில் அந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எடுத்துக்கங்கண்ணா, யாராச்சும் சாப்பிட்டா சரி" என்றார். சாப்பிட இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது காலையில் பால் வாங்கப் போகும்போது ஒரு வாளியோடு அவர்கள் கேட்டைத் திறக்கிறேன். முதல் வாரம் வாளி நிறைந்தது. இந்த மழைக்கொய்யாவுக்கு அரைவாளிதான் வருகிறது.